ஜாமினி ராய் தீட்டிய உடன்பிறந்தார்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழாவென்றால் இலக்கியச் சொற்பொழிவு ஒன்று நிகழவேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்த அன்பர்கள், மேடையோரத்தில் ஒரு படம் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டு, "இஃதென்ன, இவ்வாண்டு பொம்மலாட்டமோ?" என்று ஐயுற்றிருக்கக்கூடும். செயலாளர் அவர்களே அவ்வாறு கேட்டார்கள். பொம்மலாட்டம் அன்று, இந்நகரிலே வாழ்ந்து இந்நகரிலே மறைந்த ஓர் ஓவியர் தீட்டிய படத்தின் அச்சுப்படி இது. அவர் பெயர் ஜாமினி ராய். படத்திலுள்ள பிள்ளைகள் இருவரும் பலராமனும் கண்ணனும், அண்ணனும் தம்பியும்.

பின்வரிசையில் இருப்போர்க்குப் படம் தெளிவாகத் தெரியாது. ஆகவே முதலில் அதைச் சொல்லால் காட்டிவிடுகின்றோம். இரண்டு சிறுவர்கள் அருகருகே நிற்கின்றனர். ஒருவன் நீலம், மற்றவன் வெள்ளை. நெற்றி முதல் பாதம் வரை உருவத்தை வளைத்துச் செல்வது தடித்த கோடு. எங்கும் நடுங்காத கோடு. கண்கள் நம் ஊர்த் தேர்ச்சீலைப் பொம்மைகளின் கண்களைப்போல் முகத்தின் பாதியைக் கொண்டுவிட்டன. ஒளியில்லை, நிழலில்லை, பின்னே மரமில்லை, யமுனையில்லை, தொலைவென்பதே இல்லை. ஒரே வண்ணத் தரை, சுற்றிலும் ஒரு கரை. அவ்வளவே. இவ்வோவியர் கண்ணனையும் பலராமனையும் ஒருமுறை அன்று, பலமுறை தீட்டியிருக்கிறார். நம் கையிலிருப்பது அவற்றுள் ஒன்று.

இனி முகங்களைப் பாருங்கள். அண்ணன் முகத்தின் மேல் தம்பி முகத்தை வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்திவிடும் போலிருக்கிறது. வண்ணத்தை மட்டும் மாற்றிவிட்டால் எவன் மூத்தவன், எவன் இளையவன் என்று சொல்லவியலாது. "ஓவியர்க்கு வேறு முகம் எழுதத் தெரியாதோ?" என்று முன்வரிசையிலிருக்கும் ஓரன்பர் மெல்லக் கேட்டது எம் செவியிலும் விழுந்தது. நல்ல கேள்வி. இன்று யாம் பேசவந்ததே அதற்கு விடை சொல்லத்தான்.

நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் உடன்பிறந்தார் படம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது புகைப்படமாயிருக்கும். மூத்தவனுக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்துவிட்டது. அவன் புறப்படுமுன் எல்லாரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிடவேண்டும் என்று அன்னையார் சொல்ல, கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ பாலக்காட்டிலோ ஒரு ஸ்டூடியோவில், மாளிகையும் பூந்தொட்டியும் தீட்டிய திரைக்கு முன்னால் எடுத்த படம். மூத்தவன் நாற்காலியில், தங்கை அருகே நின்றபடி, கடைக்குட்டி முக்காலியின்மேல், அழுகையை அடக்கிக்கொண்டு. வீட்டிற்கு வருவோர் அதன்முன் நின்று செய்கின்ற முதற்காரியம் சாயல் பார்ப்பது. "இவன் அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருக்கிறான், அந்த மூக்கு மட்டும் தாய்மாமன் மூக்கு" என்று ஒரு பட்டியலே பிறக்கும். உடன்பிறப்பு என்பதை நாம் கண்டுகொள்வது சாயலால்தான் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஊறியிருக்கிறது.

சாயலைப் பிடிப்பதையே ஓவியத்தின் உயிராகக் கொண்டவர்கள் மேனாட்டார். கும்பினியார் காலத்திலே அக்கலை இந்நகருக்கு வந்துவிட்டது. 1783ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கிய சோஃபனி என்ற ஓவியர், வில்லியம் கோட்டை உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியான எலைஜா இம்பேயையும், அவர் மனைவி மக்களையும் ஒரே படத்தில் எழுதினார். நம் நாட்டு வாத்தியக்காரர் வாசிக்க, இம்பேயின் சிறுமகள் இந்திய உடையணிந்து ஆடுகின்றாள். ஆயாமார் சூழ்ந்திருக்கின்றனர். துணியின் மினுமினுப்பைக் கையால் தடவிப் பார்க்கலாம் போலிருக்கும். அப்படம் இன்று ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் இருக்கிறது. படத்தின் பெயரில் இடம்பெற்றோர் இம்பே குடும்பத்தார் மட்டுமே. வாசித்தவரும் தூக்கி வளர்த்தவரும் பெயரில் இல்லை. அதே சோஃபனி எழுதிய இயேசுவின் கடைசி விருந்துப் படத்தை மாட்ரிட் செல்லாமலே இங்குள்ள புனித ஜான் தேவாலயத்தில் கண்டுகொள்ளலாம்.

ஜாமினி ராய் பயின்றதும் இந்தக் கலையைத்தான். 1887 ஏப்ரல் 11ஆம் நாள் பாங்குரா மாவட்டத்துப் பேலியாதோர் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். சுடுமண் சிற்பக் கோயில்கள் நிறைந்த விஷ்ணுபுரம் உள்ள மாவட்டம் அது. பதினாறு வயதளவில் கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து, 1908இல் பட்டயம் பெற்றார். எண்ணெய் வண்ணத்தில் முகச்சாயலைப் பிடிப்பதில் கை தேர்ந்து, வேண்டியவர்க்கு உருவப்படம் எழுதிக் கொடுத்து வாழ்க்கை நடத்தினார். "வேறு முகம் எழுதத் தெரியாதோ?" என்ற கேள்விக்கு இதோ முதல் விடை: ஒவ்வொருவர் முகத்தையும் வேறுவேறாக எழுதி அதற்குக் கூலியும் பெற்ற கை அவர் கை.

அந்தக் கையை அவர் நிறுத்திக்கொண்டார். 1920களில், முப்பது வயதைக் கடந்த குடும்பத்தலைவர் ஒருவர், சோறு போடும் தொழிலை விட்டுவிட்டு, 'இது என் மொழி அன்று' என்று எழுந்துவிட்டார். இதனைச் சொல்வது எளிது. நம்முள் அலுவலகத்தில் இருபதாண்டு கணக்கெழுதியவர் யாரேனும், ஒரு திங்கட்கிழமை காலையில், 'இஃது என் கணக்கன்று' என்று எழுந்து வந்தால் வீட்டில் என்ன நிகழும் என்று எண்ணிப் பாருங்கள். வறுமை வந்தது. அவர் திரும்பவில்லை.

எங்கே போனார்? முதலில் காளிகாட்டுக்கு. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் நமக்குக் காளிகாட் நடைதூரம். 19ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சுற்றிக் குடியிருந்த பட்டுவா என்னும் படக்காரர், ஆலைக் காகிதத்தில் நீர்வண்ணத்தால் விரைந்து எழுதிய படங்களை யாத்திரிகர்க்குக் காசு இரண்டு காசுக்கு விற்றனர். வங்காளிகள் அவற்றைப் 'பட்' என்பர். நம் 'படம்' என்ற சொல்லும் அதனோடு உறவுடையதே. எழுதப்பட்ட துணி என்பதே அடிப்பொருள். பேகன் மயிலுக்கு ஈந்த படாத்தை நினைத்துக்கொள்க. அச்சுப் படங்கள் மலிந்தபின் அத்தொழில் நொடித்தது. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தார் அப்படங்களைப் பெருந்தொகுதியாகச் சேர்த்து வைத்திருக்கின்றனர். வீட்டு வாயிலில் கிடந்ததைக் கடல் கடந்தவர் எடுத்து வைத்துக் காப்பது நமக்குப் புதிதன்று.

காளிகாட் படமும் ராய்க்குப் போதவில்லை. நகரக் காற்று அதிலும் பட்டிருந்தது என்று கருதினார். தம் மாவட்டத்துச் சிற்றூர்ப் படக்காரர்களிடம் சென்றார். அவர்கள் கோட்டைக் கற்றார். எண்ணெய் வண்ணத்தை விட்டு, கல்லின் பொடி, செம்மண், அவுரி நீலம், சுண்ணம், விளக்குக் கரி ஆகியவற்றைக் கொண்டார். வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பசை புளியங்கொட்டைப் பசை. அரசினர் ஓவியப் பள்ளியில் கற்பித்த எந்தப் பசையைக் காட்டிலும் புளியங்கொட்டைப் பசையை நம் பாட்டிமார் நன்கறிவர்! நெய்த துணியிலும், பாயிலும், பலகையிலும் எழுதினார். 1929இல் ஓவியப் பள்ளி முதல்வர் முகுல் தே அவர்கள் அவருக்கு ஒரு கண்காட்சி நடத்தினார். பின்னர்ப் புகழ் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்நகரில் தங்கிய அயல்நாட்டுப் படைவீரர்கள் அவர் படங்களை வாங்கிச் சென்றனர். 1946இல் லண்டனிலும் 1953இல் நியூயார்க்கிலும் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1954இல் பத்மபூஷண் கிடைத்தது. இவற்றை விரிக்க வேண்டுவதில்லை.

இதே காலத்தையொட்டி, நமக்குச் சற்றும் தொடர்பில்லாத போலந்து நாட்டிலும் இத்தகைய திரும்புதல் ஒன்று நிகழ்ந்தது. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று பேரரசுகள் பங்கிட்டுக்கொண்ட அந்நாடு 1918 வரை விடுதலை பெறவில்லை. ஆஸ்திரியர் ஆட்சிக்குட்பட்ட கிராக்கோ நகரில் விஸ்பியான்ஸ்கி என்றொருவர். கவிஞர், நாடக ஆசிரியர், ஓவியர். சிற்றூர்க் குடியானவப் பெண்ணை மணந்தவர். வண்ணச் சுண்ணத்தால் தம் மக்களைத் திரும்பத் திரும்ப எழுதினார். 1905இல் அவர் எழுதிய 'தாய்மை' என்ற படத்தில், தாய் குழவிக்குப் பாலூட்ட, இருபுறமும் இரண்டு சிறுமியர் இருக்கின்றனர். பார்ப்போர் அவர்களை அக்கை தங்கையர் என்பர். உண்மையில் இருவரும் ஒருத்தியே. தம் மகள் ஹெலெங்காவையே ஒரு படத்தில் இருமுறை எழுதிவிட்டார். அடுத்த இரண்டாண்டில், 38ஆம் வயதில் மறைந்தார். ஒரு பெண்ணையே இருவராக எழுதிய அவரும், இரு பிள்ளைகளுக்கு ஒரே முகம் வைத்த நம் ராயும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். ஆயினும் ஆட்சியிழந்த நாட்டின் ஓவியர்க்கு, தம் வீட்டுப் பிள்ளையும் தம் சிற்றூர்க் கோலமுமே பற்றுக்கோடாகத் தோன்றின போலும்.

இனி இவ்விரு பிள்ளைகளிடம் வருவோம். இவர்கள் வங்காளிகள் சொத்து என்று எண்ணிவிடவேண்டா. தமிழர் இவர்களை மாயோன் என்றும் வாலியோன் என்றும் பழங்காலந்தொட்டுச் சேர்த்தே போற்றினர். நீலமேனியன் தம்பி, வெண்ணிற மேனியன், பனைக்கொடியுடையவன், கலப்பையைப் படையாகக் கொண்டவன் அண்ணன். காவிரிப்பூம்பட்டினத்தில் இருவர்க்கும் கோயில் இருந்ததை இளங்கோவடிகள் சொல்கின்றார். வைணவப் பெரியோர் பலராமனை 'நம்பி மூத்தபிரான்' என்று வழங்கிய அழகே அழகு. சென்னைத் திருவல்லிக்கேணிக் கருவறையில் பார்த்தசாரதி தனியே நிற்கவில்லை. அண்ணனும் உடன் நிற்கின்றார். பூரியில் மூவராக, நடுவே தங்கை சுபத்திரையோடு வீற்றிருக்கின்றனர்: அண்ணன் வெள்ளை, தங்கை மஞ்சள், தம்பி கருமை. ஆடித் திங்களையொட்டி இந்நகரத் தெருக்களில் நம் பிள்ளைகளும் வங்கப் பிள்ளைகளும் சேர்ந்து இழுக்கும் சிறுதேர்களில் இருப்போர் அம்மூவரே.

கதையையும் ஒருமுறை நினைவுகூர்க. தேவகியின் வயிற்றிலிருந்த மூத்தவன் ரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டு ஆயர்பாடியில் பிறந்தான். இளையவன் மதுரையம்பதியில்—வடமதுரையில்—பிறந்து அன்றிரவே ஆற்றைக் கடந்து ஆயர்பாடி சேர்ந்தான். பெற்றவர் ஊர் ஒன்று. வளர்ந்த ஊர் ஒன்று. பெற்றவர் பேச்சுக்கு முன்னே வளர்த்தவர் பேச்சைக் கற்ற பிள்ளைகள். அவ்வகையில் அவர்கள் நம் காலனிப் பிள்ளைகள்!

புறநானூற்றில் 58ஆம் பாட்டைப் புலவர் பெருமக்கள் அறிவர். சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும், பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஓரிடத்தில் ஒருங்கிருந்தபோது, காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடியது. இருவரும் ஒருங்கிருக்கும் காட்சி, வெண்ணிறத்தானும் நீலநிறத்தானும் உடன் நின்றாற்போல் இருக்கிறது என்று வியக்கின்றார் புலவர். வியந்ததோடு விடவில்லை. உங்களைப் பிரிக்க நினைப்பவர் இடையே புகுவர். அவர் சொல்லுக்குச் செவி கொடாதீர் என்று மன்னர் இருவர்க்கும் முகத்துக்கு முகம் எடுத்துரைக்கின்றார். பள்ளிப் பருவத்தில் இப்பாட்டை மனப்பாடம் செய்து பரிசும் பெற்றோம். பொருள் விளங்கியது மிகப் பிந்தி.

எமக்கு இளையவர் ஒருவர் உண்டு. ஊரிலிருந்த பூர்வீக வீட்டைப் பங்கிட்ட காலத்தில், அவர் சொன்னதாக எமக்கும், யாம் சொன்னதாக அவர்க்கும் சில சொற்கள் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் இருவர்க்கும் வேண்டியவரே. யாம் இங்கிருந்து சென்று நேரில் கேட்டிருக்கலாம்; விடுப்பில்லை என்று சொல்லிக்கொண்டோம். விடுப்பு இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கடிதப் போக்குவரவு இல்லை. ஒரு பொங்கல் வாழ்த்துக்கூட இல்லை. பிறகு ஒரு திருமணப் பந்தியில் இடமின்மையால் இருவரையும் அடுத்தடுத்த இலையில் அமர்த்திவிட்டனர். பாயசம் வரை இருவரும் பேசவில்லை. பரிமாறுபவர் எம்மைத் தாண்டிப் போனபோது, இளையவர் அவரை அழைத்து, "அண்ணாவுக்கு ரசத்துக்குப் பிறகுதான் அப்பளம் வேண்டும், இப்போது கொண்டு வாருங்கள்" என்றார். எம் பழக்கம் ஒன்பது ஆண்டிலும் அவர்க்கு மறந்துபோகவில்லை. அன்றிரவு கூடத்திலிருந்த அந்தப் பழைய ஸ்டூடியோப் படத்தைப் பார்த்தோம். எம் இருவர்க்கும் முகச்சாயலே கிடையாது. எல்லாரும் சொல்வதுதான்.

சாயலை எழுதத் தெரிந்த ஓவியர் சாயலை ஏன் விட்டார் என்பது அதன் பின்னர்தான் எமக்குப் பிடிபட்டது. மூக்கு மூக்கைப்போல் இருப்பதைக் காட்டினால் அது மூக்கின் படமாகிவிடும். இவரோ இரு பிள்ளைகளையும் ஒரே கோட்டால் எழுதி, வண்ணத்தை மட்டும் வேறாக்கிவிட்டார். கோடு வீட்டுக்குரியது, வண்ணம் அவரவர்க்குரியது. இஃது எம் கருத்தே. ஓவியர் இவ்வாறு சொன்னார் என்று யாம் சொல்லவில்லை.

அவர் வீட்டிலும் நிலை இதுவே. முதலில் பாக்பஜாரிலும் பின்னர்ப் பாலிகஞ்சிலும் அவர் வாழ்ந்தார். வீடே பட்டறை. மக்களும் உறவினரும் உடனிருந்து எழுதினர். ஒரே படம் பலபடியாக எழுதப்பட்டது. சிறு விலைக்கு விற்கப்பட்டது. எளியவர் வீட்டுச் சுவரிலும் ஒரு படம் தொங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். இன்று நிலை வேறு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1976இல் அவர் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லத் தடை ஏற்பட்டுவிட்டது. விலையோ நம்மனோர் கேட்டாலே தலைசுற்றும் விலை. "இது தந்தை கையா, மகன் கையா?" என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஆராய்கின்றனர். வாங்குவோர் கவலை அவர்க்கு. ஒரு வீட்டார் கூடி எழுதியதில் எந்தக் கோடு எவர் கோடு என்று பிரிக்கப் புகுவது, எமக்கென்னவோ, பூர்வீக வீட்டைப் பங்கிடும் வேலையாகவே படுகிறது.

இறுதியாக நம் பிள்ளைகள் செய்தி ஒன்று. எம் அண்டை வீட்டில் ஒரு சிறுமி, வயது 12. பாட்டியிடம் ஊரில் வளர்ந்து எட்டாம் வயதில் இங்கு வந்தவள். தமிழ் தெளிந்த நீர்போல் வரும். தம்பிக்கு வயது 7, இங்கே பிறந்தவன், அவன் வாயில் வருவதெல்லாம் வங்காளம். "அவன் என்னை அக்கா என்று அழைப்பதே இல்லை மாமா, தீதி என்கிறான்" என்று அவள் எம்மிடம் கண்கலங்க முறையிட்டாள். சில ஆண்டுகட்கு முன்னால் இதே மேடையில், வீட்டில் வங்காளம் பேசவிடும் பெற்றோரை யாம் கடிந்து பேசியது நினைவிருக்கும். நீங்களும் கைதட்டினீர்கள். ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பு நடக்கத்தான் வேண்டும். அதில் எமக்கு மாற்றமில்லை. ஆனால் அன்று அச்சிறுமியிடம், 'தம்பியைத் திருத்து' என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அவன் 'தீதி' என்று அழைக்கும்போது அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் அழைக்கிறான்.

சென்ற மாதம் நம் பிள்ளைகள் ஓவியப் போட்டிக்கு இப்படத்தின் வெறுங்கோட்டை மட்டும் படியெடுத்துக் கொடுத்திருந்தோம், வண்ணம் அவர்கள் தீட்டட்டும் என்று. இவ்விருவரும் ஒரு தாளை இருவருமாக எடுத்துக்கொண்டனர். விதிப்படி அது தவறு, பரிசு கிடைக்கவில்லை. அக்கை பலராமனுக்கு வெள்ளையை விட்டுச் சுற்றிலும் செம்மண் நிறம் தீட்டினாள். தம்பி கண்ணனுக்கு நீலத்தை அப்பினான். கோட்டைத் தாண்டியும் அப்பினான். கீழே அவள் தமிழில் 'அண்ணன் தம்பி' என்று எழுதினாள். அவன் அதற்கடுத்து வங்க எழுத்தில் ஏதோ எழுதினான். படித்துச் சொல்லச் சொன்னோம். 'தாதா பாயி' என்றான், அண்ணன், தம்பி. எழுத்துப்பிழை ஒன்று இருப்பதாக வங்காள ஆசிரியை அம்மையார் சொன்னார்கள்.

மேடையிலிருக்கும் அச்சுப்படியை நம் நூலகத்துக்கு வழங்குகின்றோம். அசலைக் காண விழைவோர் தில்லி செல்லுங்கால் அங்குள்ள தேசிய நவீன கலைக்கூடத்துக்குச் செல்க. ராயின் படங்கள் அங்கே பல உள. நூலகத்தில் இதைத் தமிழ் நூல் அலமாரியின் பக்கம் மாட்டுவதா, வங்காள நாளிதழ்கள் கிடக்கும் மேசையின் பக்கம் மாட்டுவதா என்று செயற்குழுவில் இருமுறை விவாதம் நடந்து முடிவாகவில்லை என அறிகின்றோம். பிள்ளைகள் இருவரும் தீட்டிய தாளும் எம்மிடமே இருக்கிறது. அதற்கும் சேர்த்து இரண்டு ஆணிகள் வாங்கி வைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.